ரட்லாண்ட்: நிலம் பிரிக்காத ஒரு கவுண்டி

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் ரட்லாண்ட் இவ்வளவு சிறியதாக இருந்தும் தனிக் கவுண்டியாக, அதாவது தனி நிர்வாக வட்டாரமாக, எப்படி நிலைத்தது, மலையோ ஆறோ அதை அண்டைப் பகுதிகளிலிருந்து பிரித்து வைத்ததா என்பது கேள்வி. நிலம் அதைப் பிரிக்கவில்லை. அரச குடும்பத்தின் சொத்து ஏற்பாடு அதைப் பிரித்தது. அதன் பிறகு பல நூற்றாண்டுகளுக்கு அதைக் கலைக்கும் தேவை யாருக்கும் எழவில்லை. கடைசியில் கலைத்தபோது அங்கிருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. இந்த மூன்றையும் விளக்க, முதலில் நிலத்திலிருந்து தொடங்குவதே நல்லது. ஏனெனில் வரைபடத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் விடையை அங்கேதான் தேடுகிறார்கள்.

ரட்லாண்டின் பரப்பு ஏறத்தாழ 382 சதுர கிலோமீட்டர். வடக்கிலிருந்து தெற்கே மிக நீண்ட இடத்தில் 29 கிலோமீட்டர், கிழக்கிலிருந்து மேற்கே மிக அகன்ற இடத்தில் 27 கிலோமீட்டர். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 41,049 பேர் வாழ்கிறார்கள். நகரம் என்று சொல்லத்தக்கவை ஓக்கம், அப்பிங்கம் என இரண்டே. மற்றவை ஐம்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள். வரலாற்றுக் கவுண்டிகளில் இதுவே மிகச் சிறியது. இன்றைய கணக்கில் லண்டன் மாநகரின் பழைய மையப் பகுதியும் பிரிஸ்டலும் இதைவிடச் சிறியவை என்றாலும், அவை நகரங்கள். 

மேற்கிலும் வடக்கின் பெரும்பகுதியிலும் லெஸ்டர்ஷயர், கிழக்கிலும் வடகிழக்கிலும் லிங்கன்ஷயர், தெற்கிலும் தென்கிழக்கிலும் நார்தாம்ப்டன்ஷயர் சூழ்ந்திருக்கின்றன. இவற்றுள் தெற்கு எல்லை மட்டுமே இயற்கை வகுத்த எல்லை எனலாம். அங்கே வெல்லண்ட் ஆறு ஓடுகிறது, தென்மேற்கில் ஐ புரூக் என்ற ஓடை அதற்குத் துணை நிற்கிறது. மற்ற பக்கங்களில் எல்லை வேலிகளையும் வாய்க்கால்களையும் பழைய ஊர் எல்லைகளையும் பற்றிக்கொண்டு செல்கிறதே தவிர, அதைக் கடந்து நடப்பவருக்கு நிலத்தில் எந்த மாற்றமும் தெரியாது. குவாஷ், சேட்டர் என்னும் இரு சிற்றாறுகள் மேற்கிலிருந்து கிழக்கே கவுண்டியின் குறுக்கே ஓடி வெல்லண்டில் கலக்கின்றன. மிக உயர்ந்த இடம் மேற்கு விளிம்பில் 197 மீட்டர். மிகத் தாழ்ந்த இடம் கிழக்கே பெல்மஸ்தோர்ப் அருகே 17 மீட்டர். மலை என்று அங்கே எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆற்றுப் பள்ளங்களுக்கு இடையே கிழக்கு மேற்காகக் கிடக்கும் மேட்டு வரிசைகளே உண்டு.

நிலத்தின் உண்மையான பிரிவு கவுண்டியின் எல்லையில் இல்லை, அதன் உள்ளேயே இருக்கிறது. மேற்கில் ஜுராசிக் காலக் களிமண். ஓக்கத்தைச் சுற்றியுள்ள காட்மோஸ் பள்ளத்தாக்கு அந்தக் களிமண்ணில் அமைந்த செழிப்பான புல்வெளி. அதன் மேல் இரும்புச்சத்து மிகுந்த பழுப்புக் கல் படிந்த மேடுகள். கிழக்கே செல்லச் செல்ல வெளிறிய சுண்ணாம்புக்கல் பீடபூமி. ஊர்களே இதைக் காட்டிக்கொடுக்கும்: அப்பிங்கம், லிடிங்டன் பக்கத்து வீடுகளின் சுவர்கள் தேன்பழுப்பு நிறம், கெட்டன், கிளிப்ஷம் பக்கத்து வீடுகள் வெளிர்மஞ்சள் கலந்த சாம்பல் நிறம். மேற்கே ஆடுமாடு மேய்ச்சல் ஓங்கியதற்கும் கிழக்கே பார்லியும் கோதுமையும் ஓங்கியதற்கும் இந்த மண் வேறுபாடே காரணம். ஆக, ரட்லாண்டைப் புவியியல் அலகு என்று சொல்வது பொருந்தாது. அண்டைக் கவுண்டிகளின் இரு வகை நிலங்கள் சந்திக்கும் இடம் அது.

எனில் எல்லை எங்கிருந்து வந்தது? 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தை வெல்வதற்கு முன்பே, ஓக்கம், ஹாம்பிள்டன், ரிட்லிங்டன் ஆகிய பெரிய பண்ணைகளும் அவற்றைச் சார்ந்த ஊர்களும் ராணிக்கு உரிய சொத்தாக ஒதுக்கப்பட்டிருந்தன. எட்வர்ட் கன்ஃபெசர் மன்னரின் மனைவி ஈடித் இவற்றை வைத்திருந்தார். ஈடித் வெஸ்டன் என்ற சிற்றூர் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1075-இல் அவர் இறந்த பின் இவை வெற்றி வேந்தன் வில்லியமின் கைக்கு வந்தன. 1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப் பதிவேட்டில் ரட்லாண்ட் என்ற பெயர் இருக்கிறது, ஆனால் கவுண்டியாக இல்லை. நாட்டிங்கம்ஷயர் பதிவின் பின்னிணைப்பைப்போல அதன் வடபகுதி எழுதப்பட்டிருக்கிறது. தென்பகுதி நார்தாம்ப்டன்ஷயரில் சேர்க்கப்பட்டிருக்கிறது. வடபகுதியின் வரி நாட்டிங்கமுக்குப் போனது. இடையில் லெஸ்டர்ஷயரும் லிங்கன்ஷயரும் கிடக்க, எல்லை தொடாத தொலைவிலுள்ள ஒரு நகரத்துக்கு வரி கட்டிய இந்த விந்தையே, அந்தப் பகுதி எந்தக் கவுண்டிக்குள்ளும் இயல்பாக அடங்காத அரசச் சொத்தாக இருந்ததற்குச் சான்று.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்த இரு பகுதிகளும் சேர்ந்த ரட்லாண்ட் தனிக் கவுண்டியாக ஆவணங்களில் தென்படத் தொடங்குகிறது. 1204-இல் ஜான் மன்னர் தம் ராணி இசபெல்லாவுக்கு ரட்லாண்டை வாழ்வாதாரச் சொத்தாக எழுதிக் கொடுத்தார். ராணியின் நிலம் என்பதால் அதன் வருவாயைத் தனியாகக் கணக்கிட வேண்டியிருந்தது. கணக்கைத் தனியாக வைக்க அலுவலர் தேவைப்பட்டார். அலுவலர் இருந்தால் ஷெரீஃப் என்னும் அரச அதிகாரியும் நீதிமன்றமும் காலப்போக்கில் அமைந்துவிடும். பிற கவுண்டிகள் பல, கோட்டை நகரம் ஒன்றைச் சுற்றிப் படைத்தேவைக்காக உருவானவை. அவற்றின் பெயர்களில் அந்த நகரத்தின் பெயரே இருப்பதைக் காணலாம். ரட்லாண்டுக்கு அப்படிப்பட்ட நகரம் இல்லை. பண்ணைக் கணக்கு கவுண்டியாக வளர்ந்த கதை இது என்றே நான் கருதுகிறேன்.

அந்தக் காலத்தின் மிகச் சிறந்த எச்சம் ஓக்கம் கோட்டை. கோட்டை என்ற பெயரை நம்பி மதில்களையும் கோபுரங்களையும் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். எஞ்சியிருப்பது வால்கெலின் டி ஃபெரர்ஸ் என்ற பிரபு 1180-களில் கட்டிய பெருங்கூடம் ஒன்றே. ஆனால் இங்கிலாந்தில் அவ்வளவு பழைய குடியிருப்புக் கூடம் இந்த அளவுக்கு முழுமையாக வேறெங்கும் நிலைத்திருப்பது அரிது. அதன் சுவர்களில் இருநூறுக்கும் மேற்பட்ட குதிரை லாடங்கள் தொங்குகின்றன. ஓக்கம் வழியே முதன்முறையாக வரும் பிரபு அல்லது அரச குடும்பத்தினர் ஒரு லாடம் காணிக்கை செலுத்த வேண்டும் என்பது வழக்கம். இப்போதுள்ளவற்றில் மிகப் பழையது நான்காம் எட்வர்டு மன்னர் 1470-இல் கொடுத்ததாகக் கருதப்படுகிறது. வேறு இடங்களில் லாடத்தின் திறந்த முனை மேல்நோக்கி இருக்கும்படி மாட்டுவார்கள், இங்கே கீழ்நோக்கி மாட்டுகிறார்கள்.

அந்த 1470-ஆம் ஆண்டு தற்செயலானதல்ல. மார்ச் 12 அன்று எம்பிங்கம் ஊருக்கு அருகே, ரோஜாப் போர்கள் எனப்படும் அரியணைக்கான உள்நாட்டுப் போர்களின் ஒரு பகுதியாக, லிங்கன்ஷயரிலிருந்து கிளம்பிய கிளர்ச்சிப் படையை எட்வர்டு முறியடித்தார். சண்டை தொடங்குவதற்கு முன்பே கிளர்ச்சித் தலைவர் ராபர்ட் வெல்ஸின் தந்தையை இரு படைகளுக்கும் நடுவே வைத்து வெட்டியதும், அதன் பின் கிளர்ச்சிக்காரர்கள் நெடுநேரம் தாக்குப்பிடிக்காமல் சிதறியதும் பதிவாகியுள்ளன. லண்டனிலிருந்து வடக்கே செல்லும் பெருவழி அந்த இடத்தைத் தொட்டுச் செல்கிறது என்பதே போர் அங்கே நடந்ததற்குக் காரணம். ரோமர்கள் போட்ட எர்மைன் சாலையும், பிற்காலத்து வடபெருவழியும், இன்றைய ஏ1 நெடுஞ்சாலையும் ஏறத்தாழ ஒரே தடத்தில் ரட்லாண்டின் கிழக்கு ஓரத்தைக் கடந்து போகின்றன. உலகம் ரட்லாண்டின் ஓரமாக வந்து போயிற்று, உள்ளே நுழையவில்லை.

ரோமர் காலத்துக்கு ஒரு வலுவான சான்று அண்மையில் கிடைத்தது. 2020-இல் கெட்டன் அருகே வயலொன்றில் ரோமானிய மாளிகை ஒன்றின் தரை வெளிப்பட்டது. ஏறத்தாழ 11 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள அந்த வண்ணக்கல் தரையில், ட்ரோஜன் போரில் அக்கிலீஸும் ஹெக்டரும் மோதுவது, ஹெக்டரின் உடல் தேரில் இழுத்துச் செல்லப்படுவது, அந்த உடலுக்கு ஈடாகப் பொன் நிறுக்கப்படுவது ஆகிய காட்சிகள் பதிக்கப்பட்டுள்ளன. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டில் இந்த ஒதுக்குப்புறத்தில் கிரேக்கக் காவியக் கதையைத் தம் விருந்து மண்டபத்தில் பதித்துக்கொள்ளும் அளவுக்குப் பொருளும் கல்வியும் உள்ளவர் இருந்தார் என்பது, ரட்லாண்டை எப்போதும் பின்தங்கிய மூலையாகவே எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டியது.

இடைக்காலத்துக்குப் பின் கவுண்டி கலையாமல் இருந்ததற்கு நிலவுடைமை ஒரு முக்கியக் காரணம். சில பெருங்குடும்பங்களின் கையில் நிலத்தின் பெரும்பகுதி இருந்தது: எக்ஸ்டனில் நோயல் குடும்பம், பர்லி குன்றில் ஃபிஞ்ச் குடும்பம் போன்றவை. நாடாளுமன்றத்துக்கு ரட்லாண்ட் 1885 வரை இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. இவ்வளவு சிறிய மக்கள்தொகைக்கு இரண்டு இடங்கள் என்பது அந்தக் குடும்பங்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்கத் தோன்றாத சலுகை. ரட்லாண்டின் பெயரைத் தாங்கிய மிகப் பெரிய பிரபுக் குடும்பமான ரட்லாண்ட் கோமகன்கள் வாழ்வதோ லெஸ்டர்ஷயரிலுள்ள பீவர் கோட்டையில். மக்கள்தொகை 19ஆம் நூற்றாண்டு முழுவதும் 25,000-ஐத் தாண்டவில்லை. தொழிற்புரட்சி பக்கத்து நகரங்களை ஊதிப் பெருக்கியபோது இங்கே ஆலையும் வரவில்லை, நிலக்கரியும் இல்லை. மெல்டன் மோப்ரேயிலிருந்து ஓக்கம் வரை 1802-இல் திறக்கப்பட்ட கால்வாய், அரை நூற்றாண்டுகூட நிலைக்காமல் ரயில் நிறுவனத்தால் வாங்கப்பட்டு மூடப்பட்டது. ரயில் 1848-இல் ஓக்கம் வந்தது. தென் எல்லையில் வெல்லண்ட் பள்ளத்தாக்கைக் கடக்கும் 82 வளைவுகள் கொண்ட செங்கல் பாலம் 1870-களின் பிற்பகுதியில் எழுந்தது. அதுவும் ரட்லாண்டுக்காகக் கட்டப்பட்டதல்ல, அதைக் கடந்து போவதற்காகக் கட்டப்பட்டது.

சிறிய நிர்வாகத்தின் குறையைச் சொல்லாமல் விடுவதும் சரியல்ல. ஓக்கம், அப்பிங்கம் ஆகிய இரு ஊர்களிலும் உள்ள புகழ்பெற்ற பள்ளிகளை 1584-இல் நிறுவியவர் ராபர்ட் ஜான்சன் என்ற மதகுரு. 1875-இல் அப்பிங்கம் பள்ளியில் டைபாய்டு பரவி மாணவர்கள் சிலர் இறந்தனர். கழிவுநீர், குடிநீர் ஏற்பாடுகளைச் சீராக்க வேண்டிய உள்ளூர் அதிகாரிகள் செலவுக்கு அஞ்சித் தயங்கினார்கள். தலைமையாசிரியர் எட்வர்ட் திரிங் 1876 வசந்தத்தில் பள்ளியையே வேல்ஸ் கடற்கரையிலுள்ள போர்த் என்ற ஊருக்குப் பெயர்த்துக்கொண்டு போய், ஓராண்டுக்கும் மேலாக அங்கே நடத்தினார். வணிகம் பள்ளியையே நம்பியிருந்த ஊர் அதன் பிறகுதான் வேலையில் இறங்கியது. சிறிய கவுண்டி மக்களுக்கு நெருக்கமானது என்ற வாதம் எப்போதும் சரியல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு ரட்லாண்டின் வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை.

வெளியுலகுக்கு ரட்லாண்ட் அனுப்பிய பொருள்களுள் முதன்மையானது கல். கெட்டன் சுண்ணாம்புக்கல் கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் பலவற்றுக்குச் சென்றது. ராமானுஜனின் தொலைந்ததாகக் கருதப்பட்ட குறிப்பேடு 1976-இல் கண்டெடுக்கப்பட்ட டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகம் அந்தக் கல்லால் எழுப்பப்பட்டதுதான். கிளிப்ஷம் கல்லை லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் சிதைந்த பகுதிகளைப் புதுப்பிக்கப் பயன்படுத்தினார்கள். 1920-களின் இறுதியில் கெட்டனில் தொடங்கிய சிமெண்ட் ஆலை இன்றும் இயங்குகிறது; அதன் புகைபோக்கி கிழக்கு ரட்லாண்டின் எந்த மேட்டிலிருந்து பார்த்தாலும் தெரியும். 1968-இல் கிரேட் காஸ்டர்டன் அருகே கல் குவாரி ஒன்றில் செட்டியோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு கிடைத்தது. அது இப்போது லெஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரட்லாண்டில் கிடைத்த பெரிய பொருள்கள் பெரும்பாலும் வெளியூருக்கே போகின்றன என்ற உள்ளூர் முணுமுணுப்பில் நியாயம் உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் மண்ணைவிட நீர் பெரிதாயிற்று. முதலில், கார்பி நகரின் எஃகு ஆலைக்காகத் தென்மேற்கு எல்லையில் ஐ புரூக் ஓடையைத் தடுத்து 1940-இல் ஒரு நீர்த்தேக்கம் முடிக்கப்பட்டது. 1943-இல் ஜெர்மானிய அணைகளைத் தாக்கப் போன பிரிட்டிஷ் விமானிகள் தாழப் பறந்து பயிற்சி செய்த இடங்களுள் அதுவும் ஒன்று. பிறகு 1970-இல் நாடாளுமன்றம் அனுமதி அளிக்க, குவாஷ் பள்ளத்தாக்கில் எம்பிங்கம் அருகே 1,200 மீட்டர் நீளத்தில் களிமண் அணை கட்டப்பட்டது. அதன் பின்னே தேங்கிய ரட்லாண்ட் வாட்டர் ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. பரப்பளவில் இங்கிலாந்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். ஒரு கவுண்டியின் நிலத்தில் கிட்டத்தட்ட 3 சதவீதம் ஒரேயடியாக நீருக்குள் போயிற்று. குவாஷ் என்ற சிற்றாறு தனியாக இந்த ஏரியை நிரப்பிவிடாது. வெல்லண்ட், நீன் ஆறுகளிலிருந்து நீரை இறைத்து நிரப்புகிறார்கள். அந்த நீர் முதன்மையாகப் பீட்டர்பரோ போன்ற வளர்ந்துவந்த வெளி நகரங்களுக்காகச் சேமிக்கப்பட்டது.

நெதர் ஹாம்பிள்டன் என்ற குக்கிராமம் நீரில் மூழ்கியது. ராணி ஈடித்தின் பண்ணைகளுள் ஒன்றாக இருந்த ஹாம்பிள்டன் குன்று, முப்புறமும் நீர் சூழ்ந்த முனையாயிற்று. குன்றின் மேலிருந்த ஊர் மட்டும் தப்பியது. நார்மன்டன் தேவாலயத்தையும் இடிப்பதாகவே இருந்தது. எதிர்ப்பு எழுந்ததால் அதன் உட்புறத்தைப் பாதி உயரம்வரை கல்லும் கான்கிரீட்டும் கொட்டி உயர்த்தி, சுற்றிலும் கரை போட்டுக் காப்பாற்றினார்கள். வளமான வயல்களை இழந்தவர்களின் கசப்பு எளிதில் ஆறக்கூடியதல்ல. ஆனால் ஏரியின் மேற்குக் கரையில் அமைந்த சதுப்புகள் நீர்ப்பறவைகளின் பெரும் புகலிடமாகி, 1991-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. 1996 முதல் ஸ்காட்லாந்திலிருந்து விராலடிப்பான் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள்; மீனை உணவாகக் கொள்ளும் இந்தக் கழுகினப் பறவை 2001-இல் அங்கே குஞ்சு பொரித்தது. 2021-இல் ஏரியோரத்துக் குளம் ஒன்றின் நீரை வடித்தபோது ஏறத்தாழ 10 மீட்டர் நீளமுள்ள இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவின் முழு எலும்புக்கூடு களிமண்ணில் கிடைத்தது. அதன் வயது சுமார் 18 கோடி ஆண்டுகள். இன்று கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் இந்த மண் ஒருகாலத்தில் கடல்தரையாக இருந்ததைக் காட்டும் சான்று அது.

ஏரி உருவான அதே பத்தாண்டில் கவுண்டியும் மறைந்தது. 1960-களின் தொடக்கத்திலேயே ரட்லாண்டை லெஸ்டர்ஷயருடன் இணைக்கும் பரிந்துரை வந்து, மக்கள் எதிர்ப்பால் 1963-இல் கைவிடப்பட்டிருந்தது. 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் 1974 ஏப்ரல் 1 அன்று அது உண்மையாகவே லெஸ்டர்ஷயரின் ஒரு மாவட்டமாகச் சுருங்கியது. அரசின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை: முப்பதாயிரம் அளவிலான மக்களை வைத்துக்கொண்டு பள்ளிக்கல்வி, சாலை, தீயணைப்பு எல்லாவற்றையும் தனியாக நடத்துவது கடினம். ஆயினும் 1990-களில் உள்ளாட்சி அமைப்பு மறுபடி ஆராயப்பட்டபோது உள்ளூர்க் கோரிக்கை வென்றது. 1997 ஏப்ரல் 1 முதல் ரட்லாண்ட் மீண்டும் தனி நிர்வாகம் பெற்றது. சட்டத்தின் தையல் இன்னும் தெரிகிறது. அதை நடத்தும் உள்ளாட்சி மன்றத்தின் முறையான பெயர் 'ரட்லாண்ட் கவுண்டி மன்ற மாவட்ட மன்றம்' என்பதாகும். அஞ்சல் துறை தன் முகவரிப் பட்டியலில் ரட்லாண்டைச் சேர்க்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் மெக்டொனால்ட்ஸ் கடை இல்லாத ஒரே கவுண்டி என்ற பெயரும் 2020 வரை அதற்கு இருந்தது.

இப்போது மீண்டும் அதே கேள்வி மேசைக்கு வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, புதிய உள்ளாட்சி மன்றங்கள் ஐந்து லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருக்க வேண்டும் என்பதை வழிகாட்டு அளவாக வைத்தது. ரட்லாண்டின் மக்கள்தொகை அதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மன்றம் வேறு, கவுண்டி வேறு என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். மன்னரின் பிரதிநிதியாகிய லார்டு லெஃப்டினன்ட் பதவியைக் கொண்ட சடங்குக் கவுண்டி என்ற தகுதி தனிச் சட்டத்தில் நிற்கிறது. 1974-இல் ரட்லாண்ட் மன்றத்தோடு இந்தத் தகுதியையும் இழந்தது, 1997-இல் இரண்டையும் திரும்பப் பெற்றது. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை: தெற்கே வெல்லண்டுக்கு அப்பாலுள்ள நார்தாம்ப்டன்ஷயரில் கவுண்டி மன்றம் 2021-இல் கலைக்கப்பட்டு நிர்வாகம் இரண்டாகப் பிரிந்த பிறகும், நார்தாம்ப்டன்ஷயர் என்ற சடங்குக் கவுண்டி அப்படியே தொடர்கிறது.